கடிபட்ட இலைக்குப் பாதி விலை: பத்தாங் பெர்ஜுந்தைச் செடிக்கடை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருடமாகியும், பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் இன்னும் பலருக்கு ஊர் விளங்கும். ஊர் முடிந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசை தொடங்குகிற இடத்தில் உள்ள செடிக்கடை பற்றிய மதிப்பீடு இது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயர் வேண்டாம். வீட்டு முன்னால் நாலு செடி வைத்து தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக மட்டும் எழுதியது. ஆர்க்கிட், போன்சாய் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடலாம். முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் போங்கள். கடையின் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது, விலையும் குறைவு.

முன்வரிசையில் 'பறவை, பட்டாம்பூச்சி வரும் செடிகள்' என்று கையால் எழுதிய அட்டை தொங்குகிறது. அதன் கீழே உண்ணிச்செடி (மலாய்க்காரர்கள் இதைக் கோழிப்பீப்பூ என்ற பொருளில் புங்ஙா தாயி ஆயாம் என்பார்கள்), ஹமீலியா, எட்டு மணிப்பூ என்கிற துர்னேரா, ஆயர் மாத்தா பெங்காந்தின் கொடி. பூச்சி வரும் என்பது பொய்யில்லை, நன்றாகவே வரும். ஆனால் நான்கும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. உண்ணிச்செடி விதை பறவை எச்சத்தில் போய் விழுந்த இடமெல்லாம் முளைக்கும். துர்னேராவையும் ஆயர் மாத்தா பெங்காந்தினையும் தோட்டச் சாலை ஓரங்களில் வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டதில்லை. செம்பனை ஓலையைத் தின்னும், கூட்டைச் சுமந்து திரியும் பைப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளுக்குத் தேன் வேண்டும், அதற்காக நட்டது. அந்த வேலையை அவை ஒழுங்காகச் செய்கின்றன. வீட்டிலும் ஒரு தொட்டியில் வைத்தால் குற்றமில்லை. கொடியை மட்டும் மண்ணில் இறக்க வேண்டாம். கிழங்கு தங்கிவிட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும், பக்கத்து வீட்டு வேலியும் நம் கணக்கில் சேரும்.

வெளிநாட்டுச் செடியில் தேன் கிடைக்கும், ஆனால் அதை நம்பி இங்கே குடும்பம் நடத்தும் பூச்சிகள் குறைவு. இதற்கு நம் வட்டாரத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டது 1917-இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். ஆப்பிரிக்க மரம் வந்தது, அதன் பூவில் வேலை செய்யும் வண்டு வரவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. பல தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து அந்தக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. செடியும் பூச்சியும் சேர்ந்து வளர்ந்தவை என்பதைத் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி பின்வரிசை.

கடையில் வாங்கத் தகுந்த முதல் செடி செண்டுடுக் என்கிற ஊதாப் பூப் புதர். பை 12 வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்தில் களைமருந்து அடித்த பெரியவர்கள் இந்த விலையைக் கேட்டால் சிரிப்பார்கள். பால்மரக்காட்டிலும் செம்பனையிலும் இதை ஒழிப்பதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் நம் செம்மண்ணுக்கு, புளிப்பு மண்ணுக்கு, உரமில்லாத மண்ணுக்கு இதைப்போல ஒத்துவரும் பூச்செடி வேறு இல்லை.

பூவைக் கிட்டத்தில் பாருங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவே இரண்டு வகைக் கேசரம் இருக்கும். மஞ்சளாகக் குட்டையாக ஒரு கூட்டம், ஊதாவாக நீண்டு வளைந்து இன்னொரு கூட்டம். இந்தப் பூவில் தேன் கிடையாது. கடையின் அட்டையில் 'தேன் நிறைந்தது' என்று எழுதியிருப்பது தவறு. வருகிற கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய தச்சுத்தேனீ, மஞ்சள் கேசரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிடும். அந்த 'உர்ர்' சத்தம் இரண்டடி தள்ளி நின்றாலும் கேட்கும். மஞ்சளிலிருந்து உதிர்வது வண்டின் சாப்பாடு. அதே நேரத்தில் நீண்ட ஊதாக் கேசரம் அதன் உடம்பில் கைக்கு எட்டாத இடத்தில் மகரந்தத்தைப் பூசி அனுப்புகிறது, அடுத்த பூவுக்கு. ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள். அதனால் காலையிலேயே பார்க்க வேண்டும்.

பிறகு காய் வெடித்து உள்ளே கருநீலச் சதை தெரியும். தின்றால் நாக்கு கறுத்துப்போகும். மெலஸ்டோமா என்ற அதன் தாவரப் பெயருக்கே கறுத்த வாய் என்றுதான் பொருள். பூங்கொத்தியும், மெர்பா கபோர் எனப்படும் மஞ்சள் அடிவால் கொண்டைக்குருவியும் இதற்கு வரும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே நடாதீர்கள். எச்சக் கறை பெயிண்டில் பிடித்தால் போகாது.

வாங்கும்போது ஏமாற வாய்ப்புள்ள இடமும் இதுதான். அதே வரிசையில் பிரேசில் நாட்டுத் திபூசினாவையும் செண்டுடுக் என்றே விற்கிறார்கள், 18 வெள்ளிக்கு. பூ பெரிது, இலை வெல்வெட்டுத் துணிபோல மினுங்கும். கேசரம் எல்லாமே ஊதா, மஞ்சள் இருக்காது. அடையாளம் அவ்வளவுதான். இன்னொன்று செண்டுடுக் புலு. இலை முழுக்க முடி, பூ சின்னதாக வெள்ளை. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து காட்டோரம் பரவிய களை. பையின் ஓரத்தில் தானாக முளைத்துக் கூடவே வரும். பார்த்ததும் பிடுங்கிவிடுங்கள்.

நட்ட செண்டுடுக் சாகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, கோழி உரமும் என்பிகே உரமும் அள்ளிப் போட்டது. இரண்டு, சிமெண்டு. தாமான் (குடியிருப்பு) வீட்டு முற்றத்து மண் என்பது பாதிக்குப் பாதி கட்டட இடிபாடு. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் செண்டுடுக்கும் ஜாவா வெட்சியும் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்ததும் உரம் பத்தவில்லை என்று இன்னும் போடுவார்கள், கதை முடிந்துவிடும். நடுவதற்கு முன் ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணில் சமையல் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஒன்றரை அடி ஆழத்துக்கு அந்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மண் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பெரிய தொட்டியில் வைக்க வேண்டும். சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி.

அடுத்து பங்கில்-பங்கில், 8 வெள்ளி. மலாய்ப் பெயருக்கு 'கூப்பிடு, கூப்பிடு' என்று அர்த்தம். பூ கோபுரம்போல அடுக்கடுக்காகச் சிவந்து நிற்கும், ஓர் அடிக்கு மேல் வரும். பெரிய வால்சிறகுப் பட்டாம்பூச்சிகளுக்கு இதைப்போல இழுப்பு வேறில்லை. பூவின் குழல் நீளம், தேன் அடியில். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ளதற்குத்தான் எட்டும். பிற்பகல் வெயில் நேராக விழாத இடம் வேண்டும். மூன்றாக வைத்தால்தான் தூரத்திலிருந்து பூச்சியின் கண்ணில் படும், இடைவெளி இரண்டடி. வேரிலிருந்து கன்று வெடித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். அதனால் மூன்று பை வாங்கினால் போதும், ஐந்து வேண்டாம். கடைக்காரர் ஐந்து வாங்கினால் 35 வெள்ளி என்பார்.

கெலாட் பாயா பற்றி ஒரு வார்த்தை. ஆள் உயரக் கம்பு 18 வெள்ளி, நியாயமான விலை. நம் மண்ணின் மரம்தான், நாவல் மரத்தின் இனம். ஊரெல்லாம் வேலியாக நட்டிருக்கிறார்கள், சிவந்த தளிருக்காக மாதாமாதம் மட்டம் வெட்டுகிறார்கள். வெட்டிக்கொண்டே இருந்தால் பூவும் இல்லை, பழமும் இல்லை. பறவைக்கு அது பச்சைச் சுவர், அவ்வளவே. வேலியில் கடைசி ஒரு மரத்தையாவது வெட்டாமல் விடுங்கள். வெள்ளைப் பூவுக்குத் தேனீயும் கறுத்த பழத்துக்குக் குருவியும் வரும். விட்டால் வீட்டு உயரத்தைத் தாண்டும் மரம் என்பதை நினைவில் வைத்து, கால்வாயிலிருந்தும் குழாயிலிருந்தும் தள்ளி நடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே தொட்டியில் விற்கும் வெள்ளால் இனத்து ஃபைக்கஸ் பெஞ்சமினாவைத் தரையில் நடவே கூடாது. பச்சைப்புறாவுக்கு அதன் பழம் உயிர்தான், ஆனால் வேர் போர்ச்சையும் கால்வாயையும் பிளந்துவிடும். அத்திப்பழம் வேண்டுமென்றால் மருந்துச்செடிப் பகுதியில் இருக்கும் மாஸ் கோத்தேக் போதும், தொட்டியிலேயே காய்க்கும்.

இதுவரை சொன்னது பூவும் பழமும். பட்டாம்பூச்சிக்குப் பூ ஒரு வேளைச் சாப்பாடு, முட்டையிட இலை வேண்டும். இந்த இடத்தில்தான் கடை கோட்டை விடுகிறது, நமக்கு லாபமும் இங்கேதான்.

கடைசி மேசையில் 'பாதி விலை' என்று எழுதி, இலை கடிபட்ட செடிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலை, லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை, எருக்கு. பூச்சி தின்ற செடி யாருக்கு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பூச்சிக்காகவே செடி வாங்குகிறவருக்கு அதுதான் முதல் தரச் சரக்கு. இலையைக் கடித்த புழு உயிரோடு இருக்கிறது என்றால், அந்த இலையில் அண்மையில் மருந்து பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

கடி எல்லாம் ஒன்றில்லை. இலை ஓரத்தில் வளைவு வளைவாகத் தின்று நடுநரம்பை மட்டும் விட்டிருந்தால் புழு, எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் காசை வைத்து வெட்டியதுபோல அரைவட்டமாக இருந்தால் இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட எடுத்துப் போயிருக்கிறது, அதுவும் நல்ல சகுனம். எலுமிச்சை இலையில் வெள்ளிக்கோடு நெளிந்து இலை சுருண்டிருந்தால் இலைத்துளைப்பான், செடி சாகாது, ஆனால் இன்னும் விலை குறைத்துக் கேட்கலாம். பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்து எறும்பு ஏறி இறங்கினால் மாவுப்பூச்சி, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கறிவேப்பிலை 10 வெள்ளி, கடிபட்டது 5. இது இந்த மண்ணின் செடியில்லை, நம்மோடு வந்தது. இருந்தும் எலுமிச்சை இனத்தைத் தின்னும் உள்ளூர்ப் பட்டாம்பூச்சிகள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. இரண்டு வாங்குங்கள். ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. குட்டிப் புழு பறவை எச்சம்போலவே கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும், துடைத்துப் போட்டுவிடாதீர்கள். வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல ஒன்றை நீட்டி நாற்றம் விடும், வேறு தீங்கு இல்லை. சமையல் செடியில் கண்டால் காம்போடு கிள்ளி மற்றதில் வைத்தால் போதும். முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் செடி மொட்டையாகும், பயப்பட வேண்டாம், மறுபடி தளிர்க்கும். மூன்றடிக்குக் குறைந்த செடியில் நாலு புழுவுக்கு மேல் விடாதீர்கள், இலை தீர்ந்து பட்டினியில் சாகும்.

எருக்கு, பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறவர்கள் வாங்குவதால் இந்தக் கடையில் எப்போதும் இருக்கிறது. வெள்ளெருக்குக்கு விலை இரட்டிப்பு. வெந்தய நிறச் சிறகில் கறுப்பு ஓரம் போட்ட பட்டாம்பூச்சிக்கு வெள்ளையோ நீலமோ ஒன்றுதான், அதனால் நீலத்தையே வாங்குங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வெட்டும்போது கண்ணாடி போடுங்கள்.

வாங்கக் கூடாத ஒன்று: பெரிய குழல்பூவோடு தொங்கும் அரிஸ்டோலோகியா கொடி, 25 வெள்ளி, 'ராஜா பட்டாம்பூச்சிக் கொடி' என்று அட்டை. பெரிய சிறகுப் பட்டாம்பூச்சிகள் இந்த இனத்துக் கொடியில்தான் முட்டையிடும், அது சரி. ஆனால் கடையில் இருப்பது தென் அமெரிக்க வகை. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பட்டாம்பூச்சி இதே போன்ற தென் அமெரிக்கக் கொடியில் ஏமாந்து முட்டையிட்டு, பொரிந்த புழுக்கள் விஷத்தில் சாவது நன்றாகத் தெரிந்த விஷயம். உள்ளூர் வகையான அரிஸ்டோலோகியா அக்யூமினாட்டாவைக் கேளுங்கள், இல்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள். ஈஸ்வரமூலியும் இதே குடும்பம் என்று சொல்லி இலையைக் கஷாயம் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். இந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும்.

மருந்து விஷயம். 'அக்கா, இதுக்கு மருந்து அடிச்சிருக்கா?' என்று கேட்டால், 'அடிக்காம எப்படித் தம்பி, இலை இப்படிப் பளபளன்னு இருக்கும்?' என்று உள்ளதை உள்ளபடி பதில் வருகிறது. நேர்மைக்கு ஒரு மதிப்பெண் கூட. எந்த மருந்து என்று கேட்டால் மட்டும் தெரிவதில்லை. கவலைப்பட வேண்டியது இமிடாகுளோபிரிட் போன்ற, வேர் வழியே ஏறும் மருந்தைப் பற்றித்தான். மேலே அடித்தது மழையில் கழுவிப்போகும். இது சாற்றோடு கலந்து தேனிலும் மகரந்தத்திலும் வரும், தொட்டிச் செடியில் மாதக்கணக்கில் நிற்கும். பையின் மேல்மண்ணில் குருணை தெரிந்தால் உரமா மருந்தா என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மேல்மண் ஓர் அங்குலம் சுரண்டிப் போட்டு, முதல் இரண்டு மாதம் வரும் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். சீனப் புத்தாண்டு முடிந்ததும் மலிவாக வரும் லீமாவ் கஸ்தூரித் தொட்டிகளுக்கு இது கட்டாயம்.

பையைத் தூக்கிப் பார்ப்பதும் முக்கியம். இந்தக் கடையில் செடி சீக்கிரம் விற்பதில்லை. பின்வரிசைப் பைகள் பலவற்றில் வேர் அடியைத் துளைத்துத் தரைக்குள் இறங்கியிருக்கிறது. லேசாக அசைத்தால் பை வரவில்லை என்றால் வேர் பிடித்துவிட்டது. அங்கேயே பிடுங்கி லோரியில் ஏற்றினால் மூன்றாம் நாள் இலை கொட்டும். வேரை வெட்டி இரண்டு வாரம் நிழலில் வைத்துத் தரச் சொல்லுங்கள், மறுக்காமல் செய்கிறார்கள். நடும்போது குழி பையைப்போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் பையின் அளவே. தண்டு புதைந்தால் அழுகும்.

மண் பை 6 வெள்ளி. மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கு உரம், ஒரு பங்கு மணல் என்ற வழக்கமான கலவைதான், ஆனால் மணல் குறைவு, மழைக்குக் களிபோல இறுகுகிறது. பைக்கு இரண்டு டப்பா ஆற்று மணலோ உமிக்கரியோ சேர்த்தால் சரியாகும். பழம் எடுத்த வெறும் செம்பனைக் குலையும் மூட்டையாக விற்கிறார்கள், நல்ல மூடாக்கு. ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், பிறகு தென்னை போகும்.

சிமெண்டுப் பறவைத்தொட்டி 85 வெள்ளி. அழகாக இருக்கிறது, வாங்க வேண்டாம். ஆழம் மூன்றரை அங்குலம், ஓரம் செங்குத்து. சிறு குருவி குளிக்க ஓர் அங்குலம் போதும், கால் வைக்கச் சொரசொரப்பான சரிவு வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு 4 வெள்ளி, அதில் ஒரு தட்டைக் கல் போட்டால் அதே வேலை நடக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழு கண்டால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள், பறவைக்காக வைத்தேன் என்றால் கேட்க மாட்டார்கள்.

தாமான் வீட்டு முன்பக்கம் இருபதடிக்கு நாலடிப் பாத்தி என்று வைத்துக்கொண்டால்: செண்டுடுக் இரண்டு 24, பங்கில்-பங்கில் மூன்று 24, கடிபட்ட கறிவேப்பிலை இரண்டு 10, கெலாட் பாயா ஒன்று 18, மண் மூன்று பை 18. மொத்தம் 94 வெள்ளி, அந்தச் சிமெண்டுத் தொட்டியைவிட 9 வெள்ளி கூட. முதல் மாதம் தினம் காலையில் தண்ணீர், அதன்பிறகு மழை இல்லாத வாரத்தில் மட்டும். செண்டுடுக் பக்கம் உரக் கையை நீட்டாதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை. சரக்குக்கு நாலு, அட்டைகளுக்கு இரண்டு. ஞாயிறு காலை கூட்டம், யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது. வாரநாளில் நாலு மணிக்கு மேல் போனால் பின்வரிசையை அக்காவே கூட வந்து காட்டுவார். பாதி விலை மேசையில் இருக்கும் செடியைப் புழுவோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில் போடுவதற்கு முன் உதறிவிடுகிறார்கள்.